நிமிடத்துக்கு ஏழு சுற்று

நாள் 41. காலை 09:10

கண்டதைக் கண்டபடி, கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன் என்று உறுதி கூறி இந்தப் பதிவைத் தொடங்குகிறேன். என் பெயர் எப்சிபா. ஒன்பதாம் வகுப்பு. நிலாவைச் சுற்றும் 'ஆழி' நிலையத்தில் இருக்கிறேன். என் அம்மா ஜெமிமா இங்கே பொறியாளர். இங்குள்ள மூன்றாவது ஆள் டாக்டர் வேதமுத்து மாமா. சரக்கு எடுக்க நிலாத் தளத்துக்குப் போனவர், விண்படகில் திரும்பி வந்துகொண்டிருக்கிறார். இன்னும் பன்னிரண்டு மணி நேரப் பயணம்.

நிலையம் ஒரு பெரிய சக்கரம். மோட்டார் அதை நிமிடத்துக்கு நான்கு முறை சுழற்றுகிறது. அதனால்தான் விளிம்பில் வசிக்கும் எங்களுக்கு எடை இருக்கிறது.

விடுமுறைத் திட்டப் பணி, சோதனை 6: தலையைச் சட்டென்று இடப்பக்கம் திருப்பினேன். தரை முன்பக்கம் சரிவதுபோல் இருந்தது. எட்டு விநாடி நீடித்தது. காரணம்: உள்காதும் கண்ணும் வெவ்வேறு செய்தி அனுப்பும்போது, மூளைத்தண்டில் ஹிஸ்டமின் வேலை செய்து குமட்டலைக் கிளப்புகிறது. நம்மை விழித்திருக்க வைப்பதும் அதே ஹிஸ்டமின்தான். மூளையின் அடிப்பகுதியில் ஒரு சிறு நரம்புக்கூட்டம் பகல் முழுவதும் அதை எல்லாத் திசைக்கும் அனுப்புகிறது. அதனால்தான் குமட்டல் மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறது. படம் வரைந்து, நான்கு வண்ணம் தீட்டிவிட்டேன்.

11:35

நாற்காலியை விட்டு எழுந்தபோது கால் கனத்தது. ஜன்னலில் நிலா கடந்துபோவதை எண்ணினேன். நிமிடத்துக்கு ஐந்து.

அம்மா ஒலிபெருக்கியில்: “ஏட்டி எப்சி, மோட்டார் சுவிட்ச் ஒட்டிக்கிட்டு. நிக்கவே மாட்டேங்கு. நான் நடு அறைக்கு ஏறிப் போயி, கையால கழத்தி விட்டுட்டு வாரேன். நீ அங்கயே இரி.”

“எழுதிக்கிட்டிருக்கேம்மா.”

“எழுது, எழுது. ஏழு சுத்துக்கு மேல போனா இந்தச் சக்கரம் பிஞ்சிரும். அதையும் சேத்து எழுது.” சிரித்தார்.

12:25

ஐந்தரைச் சுற்று. அம்மா மேலே சேர்ந்துவிட்டார். வேலை நடக்கவில்லை.

“தலையத் திருப்புனா உலகமே சுத்துதுட்டி. ரெண்டு மாத்திரையும் வாந்தில போச்சு. மருந்துப் பெட்டியில மயக்க மருந்து ஊசி இருக்கும். கயித்துக் கூடையில வச்சு மேல ஏத்தி விடு.”

மருந்துப் பெட்டியில் இரண்டு டப்பா. ஒன்றில் 'ஹிஸ்டமின் தடுப்பான்' என்றும் மற்றொன்றில் 'மயக்க மருந்து' என்றும் எழுதியிருந்தது. முதலாவது தூக்கம் வரவைக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மா விழித்திருக்க வேண்டும். அவர் கேட்ட பெயரும் இரண்டாவதில்தான் இருந்தது. அதையே அனுப்பினேன்.

12:41

“பேர் என்ன போட்டிருக்குன்னு தெரியல. எழுத்தெல்லாம் ஓடுது. சரியான ஊசிதானட்டி?”

“ரெண்டு தடவ வாசிச்சுப் பாத்துட்டேம்மா.”

“எம்புள்ள புஸ்தகப்புழுல்லா. சரி, போட்டுக்கிடுதேன்.”

12:43

“எப்சி... என் கையக் காணல...”

அதன் பிறகு பேசவில்லை. மைக்கில் மூச்சு மட்டும் கேட்கிறது.

12:50

மாமாவை ரேடியோவில் பிடித்தேன்.

“டப்பாவுல என்ன எழுதிருக்கு? எழுத்துக்கூட்டி வாசி, தாயி.”

“மயக்க மருந்து, மாமா.”



“அது ஆபரேஷனுக்கு முன்னால குடுக்கதுல்லா. மயக்கத்த நிறுத்த இல்ல. மயக்கிப் போட.”

“அம்மா அந்தப் பேரச் சொல்லித்தான் கேட்டாங்க.”

“நம்ம ஊர்ல தலை சுத்துனாலும் மயக்கம்னுதான சொல்லுதோம். உன் மேல தப்பில்ல.”

தப்பு என் மேல்தான். ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். தெரிந்ததை வைத்து முடிவு செய்தேன். இந்தப் பதிவை அழிக்கப் போனேன். அழிக்கவில்லை.

13:02

ஆறரைச் சுற்று. ஏணியில் ஏறிப் பார்த்தேன். என் எடை வழக்கத்தைவிட இரண்டரை மடங்குக்கு மேல். ஆறாவது படியில் கண் இருண்டு விழுந்தேன். வாந்தி. இடது முட்டியில் ரத்தம். மொத்தம் தொண்ணூறு படிகள். குமட்டல் மாத்திரை கையில் இருக்கிறது. போட மாட்டேன். நானும் தூங்கிவிட்டால் யாரும் இல்லை.

நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மூளைத்தண்டில் நீலத்திட்டு என்று ஓர் இடம் உண்டு. ஆபத்தில் நாரட்ரீனலின் அனுப்பி ஆளை உஷார்ப்படுத்தும். உஷாராகத்தான் இருக்கிறேன். உஷாராக இருந்து என்ன

13:11

மாமா: “இனி ஏறி மோட்டாரக் கழத்த நேரமில்ல. உன் ரூம் வாசல்ல மெயின் சுவிட்ச் இருக்கு. அத இறக்கு. மோட்டார் நின்னுரும், வேகம் இதுக்கு மேல ஏறாது.”

“அம்மா இருக்க அறையில காத்தச் சுத்த விடுத காத்தாடி?”

“அதுவும் நிக்கும்.”

நடு அறையில் எடை கிடையாது. காத்தாடி நின்றால், அங்கே விடும் மூச்சு மேலே போகாது, முகத்தைச் சுற்றியே நிற்கும். விழித்திருப்பவர் விலகிக்கொள்வார். அம்மா தூங்குகிறார்.

“எவ்வளவு நேரம் தாங்குவாங்க, மாமா?”

“அத எங்கிட்ட கேக்காத தாயி. இறக்குன உடனே ஏறு. விழுந்தா எந்திச்சு ஏறு. போயி அவ மூஞ்சிக்கு விசிறிக்கிட்டே இரி. நான் வாரது வரைக்கும் கைய நிறுத்தாத.”

13:19

6.9. சுவர் முனகுகிறது. மைக்கில் அம்மாவின் மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு ஒன்பது. என்னுடையது நாற்பது.

13:21

இரண்டு கையாலும் தொங்கி இறக்கினேன். மோட்டார் நின்றது. காத்தாடி நின்றது. மாமாவின் ரேடியோ நின்றது. அம்மாவின் மூச்சும் கேட்கவில்லை. மைக்கும் மெயினில்தான் ஓடியிருக்கிறது. அதனால்தான் கேட்கவில்லை. அதனால்தான்.

ஏறப் போகிறேன்.

13:22. அவசர விளக்குகளும் அணைந்துவிட்டன.