கனகா அக்காவின் நூற்று இருபத்தெட்டு

அன்பான கனகா அக்கா,

நீங்கள் கண்மூடி இரண்டு வருடம் ஆகிறது. முந்தாநாள் உங்கள் மகள் தேவி நம் கம்பெனிக்கு வேலை கேட்டு வந்தாள். ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் மேசையில் ஓர் இடம் காலி. முதலாளி அவள் மனுவைப் பார்த்துவிட்டு, "கனகா பொண்ணா? அம்மா மாதிரி லூஸா ஈயம் வெக்காம இருந்தா சரி" என்று சிரித்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் பக்கத்து மேசையில்தான் இருந்தேன். என் புரோகிராமையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெட்டி ஞாபகம் இருக்கிறதா? அம்பத்தூர் எஸ்டேட்டில் உலையின் வெப்பத்தைக் காட்டும் பெட்டி செய்தோமே. உள்ளே இருக்கும் மின்சுற்று கார்டில் ஈயம் வைத்தது நீங்கள், திருவேற்காட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து. புரோகிராம் எழுதியது நான். ஆவடி குவார்ட்டர்ஸிலேயே முதலில் சி மொழி படித்தவள் என்ற திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு.

பெட்டி சில நேரம் சரியாகக் காட்டியது, சில நேரம் எரிகிற உலைக்கு மைனஸ் காட்டியது. விட்டுவிட்டு வருகிற கோளாறு என்றால் ஈயம் சரியாக ஒட்டவில்லை என்று நானே முதலாளியிடம் சொன்னேன். நீங்கள் கார்டு முழுவதையும் இரண்டு முறை பிரித்து ஒட்டினீர்கள். அப்புறம் உலைக்குப் பதிலாக வெப்ப எண்ணை ஏற்றி இறக்கும் சோதனைத் திருகைத் திருப்பித் திருப்பி எண்களைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு என்னிடம் வந்தீர்கள்.

"தங்கச்சி, லூசா இருந்தா ஆட்டினா மாறணும்ல? இது இன்னா ஆட்டினாலும் அதே நம்பர்தான். நூத்தி இருவத்தேழு வரிக்கும் ஒழுங்கா கீது. இருவத்தெட்டுல மைனஸ் பூடுது. எரநூத்தி அம்பத்தாறுல தானா சரியாவுது. உன் புரோகிராம ஒரு தபா பாரேன்."

"புரோகிராம்ல ஒண்ணும் இல்லக்கா. கார்டப் பாருங்க" என்றேன். காகிதத்தை வாங்கி டிராயரில் போட்டேன். அடுத்த வாரம் உங்களைப் பேக்கிங்குக்கு அனுப்பினார்கள்.

தவறு என்னுடையது, அக்கா. வெப்பம் இரண்டு பைட்டாக வரும், மேல்பாதி, கீழ்பாதி என்று. ஒரு பைட் எட்டு சுவிட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்பாதியைக் குறியில்லாத எண் என்று அறிவிக்க நான் மறந்துவிட்டேன். அதனால் கம்ப்யூட்டர் முதல் சுவிட்சை மைனஸ் குறியாக எடுத்துக்கொண்டது. நூற்று இருபத்தேழு வரை அது அணைந்திருக்கும், இருபத்தெட்டில் எரியும், இருநூற்று ஐம்பத்தாறில் கீழ்பாதி மறுபடி பூஜ்யமாகி அணைந்துவிடும். மைனஸான கீழ்பாதியைப் பதினாறு சுவிட்ச் உள்ள இடத்துக்கு மாற்றும்போது, மைனஸ் மைனஸாகவே இருக்கட்டும் என்று கம்ப்யூட்டர் புதிய எட்டு இடங்களையும் எரியவிட்டே நிரப்பும். அதை நான் |= போட்டு மேல்பாதியோடு சேர்த்தேன். இரண்டில் எதில் எரிந்தாலும் எரியவிடுவதுதான் |= செய்யும் வேலை. மேல்பாதியில் இருந்த உண்மையான எண் அதில் அழிந்துபோனது.

இரண்டு வாரம் கழித்துக் கண்டுபிடித்தேன். சேர்ப்பதற்கு முன்னால் &= 255 என்று ஒரு வரி. இரண்டிலும் எரிவதை மட்டும் அது விட்டுவைக்கும். 255இல் கீழ் எட்டு மட்டுமே எரிவதால், மேலே வந்த பொய் எட்டும் அணைந்துவிட்டது. அதே நாளில் வேறொருவர் செய்த புதுக் கார்டையும் பெட்டியில் மாட்டியிருந்தார்கள். அதனால்தான் சரியானது என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த நினைப்பை நான் திருத்தவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் கேட்டீர்கள்: "சரியாச்சா தங்கச்சி? இன்னா பண்ண?"

"கார்ட மாத்தினோம்க்கா."

நீங்கள் தலையாட்டிவிட்டு டிபன் பாக்ஸை மூடினீர்கள். நான் சொன்னதை நம்பினீர்களா? சால்டரிங் மேசைக்கு உங்களைத் திரும்பக் கூப்பிடவே இல்லை. கடைசியில் உடம்பு முடியாமல் வேலையை விட்டபோதும் பேக்கிங்கிலிருந்துதான் போனீர்கள்.

நேற்று அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அட, பழைய கதைம்மா" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் தேவியைக் கம்பெனிக்கு வரவழைத்து அவர் முன்னாலேயே இன்னொரு முறை சொன்னேன். அவள் காகிதத்தில் உங்கள் கையெழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"எங்கம்மாக்கு தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியல" என்றேன். காகிதத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை உங்கள் மேசையில் உட்காருகிறாள். அவள் செய்த கார்டில் கோளாறு என்று யார் வந்து சொன்னாலும், முதலில் என் புரோகிராமைத் திறந்து பார்க்கிறேன், அக்கா.

கார்டை மாற்றினோம் என்று உங்களிடம் பொய் சொன்ன தங்கச்சி,
மாலதி