அமாவாசைக்கு அரைத்த மிளகாய்

மேட்டுப்பாளையம்
10.3.96

அன்புள்ள அம்மணிக்கு,

எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். இங்கே டிப்பர் லாரி ஓட்டுகிற ராமுலு ஆனைமலைப் பக்கம் வந்தால் ஒன்றை ஒன்பதாக்கிச் சொல்வான். அதற்கு முன் இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைக்கவேண்டும்.

வியாழக்கிழமை மில் கட்டிடத்துக்குக் கடைக்கால் தோண்டும்போது கண்ணையாவுக்கு அடிபட்டுவிட்டது. என் பொக்லைனுக்குச் சிக்னல் காட்டுகிறவர், மதியம் எனக்கும் சேர்த்துக் குழம்பு கொண்டுவருகிறவர் என்று எழுதியிருந்தேனே, அவர்தான். நான் மண்ணை அள்ளிக்கொண்டு வண்டியைத் திருப்பினேன். அவர் விசில் ஊதாமல் பின்பக்கம் வந்துவிட்டார். வண்டியின் பின்பக்க இரும்புக்கும் கற்குவியலுக்கும் நடுவில் வலது கால் மாட்டிக்கொண்டது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம்.

இன்ஜினியர் கேட்டார், விசில் ஊதவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். தப்பு அவர் பேரில்தான் என்று கம்பெனி முடிவு செய்து அவர் கணக்கைத் தீர்த்து வேலையை விட்டு எடுத்துவிட்டது. எனக்குத் தூக்கம்தான் பிடிக்கவில்லை. மற்றபடி குறையில்லை. பாப்பா பரீட்சைக்குப் படிக்கிறாளா?

உன்,
ஆறுச்சாமி


ஆனைமலை
14.3.96

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் ராமுலு அண்ணனுக்கு ஒரு நாள் பிந்தித்தான் வந்தது. அவர் வாசலில் நின்றுகொண்டு, "உங்கூட்டுக்காரரு ஹாரன் அடிக்காம வண்டியத் திருப்புனாருன்னு கண்ணையா சொல்றானுங்க அம்மணி" என்றார். அன்று அடுப்பே பற்ற வைக்கவில்லை. பாப்பா பழைய சோறு தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.

நீங்களா ஹாரன் அடிக்காதவர்? சந்தில் சைக்கிளைத் திருப்பினாலே நாலு தரம் மணி அடித்து நாயை எழுப்புகிற ஆள். கால் போன மனிதர், பாவம்தான். அதற்காக இன்னொருவர் தலையில் பழியைப் போடுவதா?

வருகிற செவ்வாய் அமாவாசை. மாசாணியம்மன் கோயிலுக்குப் போய் மிளகாய் அரைத்துப் பூசப்போகிறேன். பொய் சொன்னது யாரோ, அவளே கேட்டுக்கொள்ளட்டும். வயிற்றெரிச்சல் தாங்கவில்லை மாமா.

தூக்கம் வராவிட்டால் தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்த டேப்பைப் போட்டுக் கேளுங்கள். வண்டியிலேயே மாட்டியிருப்பதாகச் சொன்னீர்களே.

உங்கள் நினைப்பாகவே இருக்கும்,
அன்புக்கரசி


மேட்டுப்பாளையம்
17.3.96

அம்மணி,

கோயிலுக்குப் போகாதே. மிளகாய் அரைக்காதே. பத்துப் பேர் பத்து விதமாகப் பேசுவார்கள், அதற்கெல்லாம் அம்மனிடம் போவார்களா? கூட்டம் வேறு நெரியும். பாப்பாவுக்குப் பரீட்சை. வெயிலும் ஏறிவிட்டது.

இன்று ஞாயிறு, தபால் எடுக்கமாட்டார்கள். நாளைக் காலையில் முதல் வேலையாகப் பெட்டியில் போடுகிறேன். செவ்வாய்க்குள் கிடைத்துவிட வேண்டும் சாமி. ராமுலுவிடம் சொல்லியனுப்பலாம் என்றால் அவன் பல்லடம் போய்விட்டான்.

டேப்பைக் கழற்றி என் டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டேன். அதைப் பற்றி யாரிடமும் பேசவேண்டாம்.

ஆறுச்சாமி


ஆனைமலை
20.3.96

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று மதியம் வந்தது. நான் நேற்றே அரைத்துவிட்டேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். எனக்கு முன்னால் ஒரு அக்கா ஆட்டுக்கல் அருகே உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டு வீங்கி, குழவியைப் பிடிக்க முடியவில்லை. "என்னாச்சுங்க்கா?" என்றேன். "பத்து நாளா ஆசுபத்திரில ஆளத் தூக்கித் தூக்கி உக்கார வெக்கறனுங்க கண்ணு" என்றாள். நகருங்கள் என்று நான் குழவியைப் பிடித்தேன். "நல்லா மையா அரச்சுக் குடு கண்ணு" என்றாள். மையாகத்தான் அரைத்துக் கொடுத்தேன். அப்புறம் என்னுடையதையும் அரைத்தேன். இருவரும் ஒன்றாகவே போய் அம்மனின் நீதிக்கல்லில் பூசினோம். "பொய் சொன்னவங்களக் கேளு தாயே" என்றாள் அவள். நானும் அதையேதான் சொன்னேன்.

கை கழுவும்போது ஊர், பேர் கேட்டேன். பெயர் வெங்கடம்மாள். "எம்பட ஊட்டுக்காரரு விசில் ஊதுனாருங்க. பொக்லைன் ஓட்றவரு ஹாரன் வயரப் புடுங்கி டேப்புக்குக் குடுத்துப்போட்டு, பாட்டு வெச்சுட்டு ஓட்டுனாருங்களாமா. அந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க" என்றாள்.

நான் யார் என்று சொல்லவில்லை. அவளைப் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். கை இன்னும் எரிகிறது. தேங்காய் எண்ணெய் தடவியும் அடங்கவில்லை.

உங்கள் கடிதத்தை நாலு தரம் படித்துவிட்டேன். டேப்பை எதற்கு மாமா கழற்றினீர்கள்? ஹாரன் வயர் எங்கே இருந்தது? ஒரு வரி எழுதுங்கள். என்ன எழுதினாலும் படிக்கிறேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

அன்புக்கரசி


மேட்டுப்பாளையம்
24.3.96

அம்மணி,

வயர் டேப்பில் இருந்தது. ஒரு மாதமாகவே அப்படித்தான். பகல் முழுக்க எஞ்சின் இரைச்சலில் தனியாக உட்கார்ந்து பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. கண்ணையா இருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இது அந்த அக்காவுக்குக்கூடத் தெரியாது. கண்ணையா கீழே கிடந்து கத்தும்போது நான் உடனே குதித்து இறங்கவில்லை. முதலில் வயரைப் பிடுங்கி ஹாரனில் மாட்டினேன். அப்புறம்தான் இறங்கினேன். இன்ஜினியர் வந்து அமுக்கிப் பார்த்தார். ஹாரன் அடித்தது. அதனால்தான் என்னை நம்பினார்கள். அன்றிலிருந்து எந்த லாரி ஹாரன் அடித்தாலும் உடம்பு தூக்கிப் போடுகிறது.

உன் கடிதம் கிடைத்த மறுநாள், சனிக்கிழமை, இன்ஜினியரிடம் போய் எல்லாவற்றையும் மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். கண்ணையாவுக்குச் சேரவேண்டியதைக் கம்பெனி கொடுத்தாக வேண்டும் என்றார். போலீஸுக்குப் போகுமா, தெரியவில்லை. இனி என்னை யார் வண்டியில் ஏற்றுவார்கள் என்றும் தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறலாம் என்றிருக்கிறேன். வரலாமா? நீ எழுதினால்தான் வருவேன்.

ஆறுச்சாமி


கோயமுத்தூர்
27.3.96

மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று உங்கள் கடிதம் கிடைத்ததும் பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் புறப்பட்டு வந்தேன்.

வெங்கடம்மாள் அக்காவிடம் நான் யார் என்று சொல்லிவிட்டேன். வயர் மாட்டியதையும் சொல்லிவிட்டேன். நீங்கள் சொல்லவேண்டியதை நான் சொன்னது தப்பென்றால் தப்பாகவே இருக்கட்டும். அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "எரிச்சல் போச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "எனக்கும் போகுல" என்றாள்.

காரியம் முடிந்தால் எண்ணெய்க் காப்புச் செய்து அம்மனைக் குளிர்விக்க வேண்டுமே, எப்போது போகலாம் அக்கா என்று கேட்டேன். "மொதல்ல உங்கூட்டுக்காரரு வந்து இவரு மூஞ்சியப் பாத்துப் பேசட்டும். அதுக்கு மேல பாக்கலாம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை வாருங்கள். ஆனைமலைக்கு வேண்டாம், நேராக இங்கே வாருங்கள். இரண்டாவது வார்டு, ஜன்னலோரக் கட்டில். அவளுக்குக் கை இன்னும் ஆறாததால் நான்தான் கண்ணையா அண்ணனைத் தூக்கி உட்கார வைக்கிறேன். நீங்கள் வந்தால் அந்த வேலையை நீங்கள் செய்யலாம்.

அன்புக்கரசி