விசிறியில் படிந்த குங்கிலியம்

இன்று காலை கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளேயிருந்து முதலில் வந்தது உன் வாசனை. தேங்காய் நாரும் குங்கிலியமும் சேர்ந்து புகைந்த அந்த வாசனை. கையில் திருப்புளியோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சென்ற ஐப்பசியில் மாடி வீட்டில் நீ கண்ணை மூடினாய். அந்தப் பெட்டிக்குள் மட்டும் இன்னும் நீ வரும் மாலை நேரமாகவே இருந்திருக்கிறது.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். முறையில்லாமல் நான் எதையும் சொல்லமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். அதற்காகத்தானே எனக்கு 'மேடம்' என்று பெயர் வைத்தாய்.

சித்திரை வெயில் தொடங்கியதிலிருந்து கணினி மக்கர் செய்தது. பொத்தானை அழுத்தினால் உயிர் வரும், திரையில் படம் வரும், மின்கட்டணம் கட்டும் பக்கத்தைத் திறப்பதற்குள் பட்டென்று அணைந்துவிடும். சொல்லிக்கொள்ளாமல் போவது எனக்குப் பிடிக்காது, மனிதரானாலும் சரி, இயந்திரமானாலும் சரி. உடனே மறுபடி போட்டால் இன்னும் சீக்கிரம் அணைந்தது.

இதைப் பெங்களூரிலிருக்கும் வித்யாவிடம் தொலைபேசியில் சொன்னேன். பெண்ணிடம் சொன்னால் ஏதாவது வழி சொல்லுவாள் என்றுதான் சொன்னேன்.

"அம்மா, அந்தப் பழைய டப்பாவைத் தூக்கிப் போடு. நீயும் கிளம்பி இங்க வந்துடு. மாடில ஆன்ட்டியும் இல்ல. நாளைக்கு பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா யாரைக் கூப்பிடுவே?"

"கம்ப்யூட்டர் அணையறதுக்கும் நான் விழறதுக்கும் என்னடி சம்பந்தம்?"

"ஒரு கம்ப்யூட்டரையே ஓட வைக்க முடியலை. தனியா எப்படிம்மா வீட்டை ஓட்டுவே?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமைக்குள்ள நானே சரி பண்றேன். முடியலைன்னா டிக்கெட் போடு, வரேன்" என்றேன். சொன்ன சொல்லிலிருந்து நான் பின்வாங்குவதில்லை. போனை வைத்த பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். இந்த வங்காளி ஊரில், டாக்குரியாவில், இத்தனை காலம் வாழ்ந்த வீடு. ரயில் போகும்போதெல்லாம் அதிரும் கண்ணாடி அலமாரி, ஏரிப் பக்கமிருந்து காற்று வரும் பால்கனி, அவர் கடைசிவரை உட்கார்ந்து பேப்பர் படித்த சாய்வு நாற்காலி. எல்லாம் ஒரு தகரப் பெட்டியை நம்பி நின்றன.

கடைக்காரனுக்குப் போன் செய்தேன். பெட்டியைப் பார்க்காமலே, புதிதாக வாங்கிவிடுங்கள் மாஷிமா என்றான், இந்த ஊர் வழக்கப்படி என்னைச் சித்தியாக்கி. அவன் துணை இனி வேண்டாமென்று விட்டேன். கான்வென்ட் தையல் வகுப்பில் துணி சுருங்கினால் கடைசியாகப் போட்ட தையலிலிருந்துதான் பிரிக்க வேண்டும். அதே வழியில் போனேன். கடைசியாகச் சேர்த்த பிரிண்டரின் வயரைப் பிடுங்கினேன். அணைந்தது. வேறு பிளக்கில் மாற்றினேன். அணைந்தது. வித்யா போன தடவை வந்தபோது போட்டுக் கொடுத்த புரோகிராம்களையெல்லாம் நீக்கினேன். அப்போதும் அணைந்தது. சனிக்கிழமையும் வந்துவிட்டது.

உன் வழி வேறு. என் மிக்ஸி நின்றுபோன அன்று நான் அதோடு வந்த புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். நீ நேரே போய் அதன் வயிற்றில் கையை வைத்தாய்.

"ஆரே பாபா, கொதிக்குது பாரு! சூடா இருக்கிறவகிட்டப் போய் என்ன ஆச்சு, ஏது ஆச்சுன்னு கேக்கக் கூடாது மேடம். முதல்ல ஆறட்டும்."

அதோடு நிறுத்தினாயா? என் நெற்றியிலும் கை வைத்துப் பார்த்தாய். அன்று காலைதான் காய்கறிக்காரரோடு நான் சண்டை போட்டிருந்தேன்.

அது நினைவுக்கு வந்ததும் எழுந்து போய்ப் பெட்டியின் மேல் கை வைத்தேன். தோசைக்கல் மாதிரி இருந்தது. அப்போதுதான் புரிந்தது. இரவெல்லாம் ஆறிக் கிடந்த காலைகளில் டிகாக்‌ஷன் இறங்கும் வரையாவது அது ஓடும். அணைந்த சூட்டோடு மறுபடி போட்டால் படம்கூட வராது. கோளாறு வயரிலும் இல்லை, பிளக்கிலும் இல்லை. அது மூச்சு முட்டித்தான் அணைகிறது. ஆறட்டும் என்று ராத்திரி முழுவதும் விட்டுவிட்டு, இன்று காலை மின்சாரத் தொடர்பைப் பிடுங்கிவிட்டுத் திறந்தேன்.

உள்ளே ஒரு சின்ன விசிறி, அதற்குக் கீழே சீப்புப் பற்கள் போல அலுமினியத் தகடுகள். அந்தப் பற்களுக்கிடையில் கம்பளித் துண்டு போல ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. சாதாரணத் தூசி ஊதினால் பறக்கும். இது பறக்கவில்லை. பழுப்பாக, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. குற்றவாளி நீதான் என்று அதன் வாசனையே சொன்னது.

சாயங்காலம் பக்கத்துக் கட்டிடத்தில் விளக்கேற்றிச் சங்கு ஊதியதும் மாடிப்படியில் உன் செருப்புச் சத்தம் கேட்கும். மண் தூபக்காலை ஏந்திக்கொண்டு, கேட்காமலே என் வீட்டு அறைகளையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றுவாய். இந்த ஊரில் பிறந்த உனக்கு அது 'தூனோ'. என்னிடம் சொல்லும்போது சாம்பிராணி என்பாய்.

"சாம்பிராணி இல்ல, குங்கிலியம்."

"தூர், போடி! கொசுவுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?"

"என் கர்ட்டனெல்லாம் பழுப்பாறதுடி."

"கர்ட்டனைத் தோய்ச்சுக்கலாம். மலேரியாவைத் தோய்க்க முடியுமா?"

பிறகு தூபக்காலை மேசைக்கடியில், பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு என் பின்னால் நிற்பாய். நான் கணினியில் சீட்டு விளையாடுவேன். நீ விளையாடமாட்டாய், அதிகாரம் மட்டும் செய்வாய். "கறுப்பு எட்டைத் தூக்கி சிவப்பு ஒன்பதுல போடு. உனக்கு வயசாயிடுச்சு, கண்ணு தெரியலை." நம் காலடியில் புகை எழும்ப, அந்தச் சின்ன விசிறி அதைத் தினமும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அவர் போன மறுவாரமும் நீ வந்தாய். விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களெல்லாம் ஆறுதல் சொல்லிச் சொல்லி என்னைக் களைப்பாக்கியிருந்தார்கள். நீ தூபக்காலோடு குனிந்தாய். "கொஞ்சம் நகரு, கட்டிலுக்கடியில காட்டணும்" என்றாய்.

"இன்னைக்குக்கூடவா?"

"கொசுவுக்குத் துக்கம் தெரியாதுடி மேடம்."

அதுவரை யார் முன்னாலும் அழாத நான் புகை, புகை என்று சொல்லிக்கொண்டே அழுதேன். நீயும் அது புகைதான் என்று வைத்துக்கொண்டாய். அதற்கு நான் உனக்கு நன்றி சொன்னதில்லை. நீயும் எதிர்பார்க்கவில்லை.

இன்று திருப்புளியோடு உட்கார்ந்திருந்தபோது, பெட்டியைப் பேசாமல் மூடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மூடினால் வாசனை தங்கும், வீடு போய்விடும். பெங்களூரில் வித்யாவின் பதினோராவது மாடியில் உன் செருப்புச் சத்தத்தை நினைத்துக்கொள்ளக்கூட ஒரு படிக்கட்டு இருக்காது.

என் வாட்டர்கலர் தூரிகையை எடுத்து ஒவ்வொரு பல்லாகத் துடைத்தேன். கீழே விரித்த செய்தித்தாளில் நம் மாலைகள் கட்டிகட்டியாக விழுந்தன. ஒரு துணுக்கைச் சின்ன டப்பியில் போட்டு வைக்கலாமா என்று நினைத்தேன். வைக்கவில்லை. தூசியைப் பத்திரப்படுத்துகிறவள் என்று நீயே என்னைக் கேலி செய்வாய். தாளை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினேன். கழுவுமுன் ஒருமுறை முகர்ந்து பார்த்தேன், அவ்வளவுதான்.

தகட்டை மூடி, பொத்தானை அழுத்தினேன். டிகாக்‌ஷன் இறங்கியது, காபி குடித்தாயிற்று, மின்கட்டணமும் கட்டியாயிற்று. அது ஓடிக்கொண்டேயிருந்தது. வித்யாவைக் கூப்பிட்டேன்.

"நிஜமாவா? யாரும்மா வந்து சரி பண்ணாங்க?"

"யாரும் வரலை. நானும் உன் ஆன்ட்டியும்தான் பண்ணினோம்."

"அம்மா, ஆர் யூ ஆல்ரைட்?" என்றாள்.

"ரொம்ப நன்னா இருக்கேன். டிக்கெட் எனக்கு வேண்டாம். துர்கா பூஜாவுக்கு நீ வரத்துக்குப் போடு."

இந்த மடலையும் அதே கணினியில்தான் அடிக்கிறேன். போன வாரம் இதன் முதல் பத்தியைக்கூட முடித்திருக்க முடியாது. அவ்வப்போது பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். வெதுவெதுப்பு, அவ்வளவே.

உன் பிள்ளை மாடியைக் காலி செய்தபோது, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று என்னைக் கூப்பிட்டான். எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கை நீட்டி வாங்க எனக்கு வராது. ஆனால் தூபக்கால் அவனிடம் இல்லை. ஆறட்டும் என்று கடைசியாக நீ வைத்த இடத்திலேயே, என் பால்கனி மூலையில், சாம்பலோடு இருந்தது. இத்தனை மாதமாக அதைச் சுற்றித்தான் பெருக்கிக்கொண்டிருந்தேன். இன்று மத்தியானம் சாம்பலைத் தட்டி, நாரை உரித்து வைத்து, முனைக் கடையில் குங்கிலியமும் வாங்கி வந்தேன்.

இதோ சங்கு ஊதுகிறார்கள். கணினியை அணைக்கப்போகிறேன். வெகுநாட்களுக்குப் பிறகு இன்றுதான் நானாக அதை அணைக்கிறேன். மேசைக்கடியில் தூபக்காலை வைக்கமாட்டேன், அது முறையில்லை. ஆனால் அந்த அறையை விட்டுவிடவும் மாட்டேன். ஒவ்வொரு மூலையிலும் காட்டுவேன், கட்டிலுக்கடியிலும்.

புகை மறுபடி படியும். படியட்டும். தூரிகையை மேசை இழுப்பறையில்தான் வைத்திருக்கிறேன்.