ஈரப் பருப்பு

விக்கிரம வருடம், ஐப்பசி, வெள்ளி இரவு

துறைமுகத்திலிருந்து அப்பா இன்று திரும்பினார். சண்டையால் கப்பல்கள் வருவதில்லை. நாங்கள் அனுப்பிய நிலக்கடலைப் பருப்பு மூட்டைகள் அங்கே வெட்டவெளியில் கிடக்கின்றனவாம்.

"மூட்டைக்குள்ள கைய உட்டா காச்சக்காரன் ஒடம்பாட்டம் சுடுது, சாமி" என்றார் என்னிடம்.

ஓடு எளிதாக விட்டுவர நாங்கள் காயை நனைத்து உரிக்கிறோம். அந்த ஈரம்தான் உள்ளே புழுங்குகிறது. இந்த வருஷ விளைச்சலில் மிச்சம், களத்தில் கிடக்கும் காய் மட்டுமே.

"இதையாச்சும் நனைக்காம உரிக்கலாமுங்கப்பா."

"நாளைக்கு ரயில் வேகன் நம்ம முறை. நனைக்காம உரிச்சா அதுக்குள்ள முடியாது. ஏத்தலீன்னா அடுத்தவன் ஏத்திருவான். அப்பறம் எப்பக் கெடைக்குமோ?"

ஒவ்வொருவரும் இப்படிப் பயந்து அனுப்பித்தான் அங்கே இடமில்லாமல் போயிற்று. சொன்னேன். அவருக்கும் அது தெரிந்திருந்தது.

பொழுது சாயும்போது அவரே குடமெடுத்துக் காயின்மேல் தண்ணீர் தெளித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கூலிக்கு வந்த பெண்கள் இன்னும் உரிக்கிறார்கள்.