கணக்கில் வராதவள்

என் வீட்டுக்காரருக்கு,

கிராமத்திலிருந்து நீங்கள் அனுப்பிய தோட்டத்துப் படங்கள் வந்தன. நேற்று மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர், "மேடம், நீங்களும் கிராமத்துக்குப் போயிட்டதா பதிவாகியிருக்கே?" என்றார்.

"அப்போ உங்ககிட்ட பேசுறது என் ஆவியா?" என்றேன். அவர் உங்கள் கையெழுத்தைக் காட்டினார்.

அங்கே பேருந்து விடுமளவுக்கு ஊரில் ஆள்கணக்கு போதவில்லை என்று, என்னைக் கேட்காமலே காகிதத்தில் அங்கே குடிவைத்துவிட்டீர்கள். காலியாகிக்கொண்டிருக்கும் இந்தக் குடியிருப்பில் ஐந்நூறு பேருக்குக் குறைந்தால் ஆஸ்பத்திரியை மூடிவிடுவார்கள். நான் இல்லாமல் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. உங்கள் அம்மாவின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற நான் தினமும் அழைத்துப்போவது அந்த ஆஸ்பத்திரிக்குத்தான். அவரை மட்டும் அங்கே குடிவைக்க உங்களுக்கு நினைவு வரவில்லை.

என் பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னேன். "சாரையும் சேர்த்துடட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம். அவரு போயிட்டாரு."

பத்து மாதமாக அக்கம்பக்கத்தில் 'வந்துவிடுவார்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இங்கேயே இருப்பவள்