ஜன்னலில் நின்ற பெண்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, கூரியர் வந்ததே என்று பயந்துவிடாதே. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, எனக்கு முதலில் அது தெரிய வேண்டும். அண்ணன் வீடு மாறிவிட்டான், நாலாவது மாடி, லிஃப்ட் இருக்கிறது ஆனால் ஓடுவதில்லை, அண்ணி ஏறி இறங்கியே இளைத்துவிட்டாள், அதற்கும் அவன் தன்னைத்தான் மெச்சிக்கொள்கிறான். அப்பா ரிடையர் ஆனதிலிருந்து சமையலறை டப்பாக்களை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறார், உப்பு எங்கே என்று அவரைக் கேட்டுத்தான் நான் சமைக்க வேண்டியிருக்கிறது. எனக்குச் சில நாளாகக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் போய் நிற்கிறேன், ஏன் வந்தேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். இப்படி வளவளவென்று எழுதுவதும் சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடத்தான்.

புதன்கிழமை நீ சொன்னபடி மியூசியத்துக்குப் போனேன். நீ ஆய்வேடு எழுதுகிற அந்தப் பழைய படத்தைச் சுத்தம் செய்து திரும்ப மாட்டிவிட்டார்கள். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி அந்தக் குடும்பம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, நிறமெல்லாம் பளிச்சென்று இருக்கிறது. பின்னால் ஜன்னலில் மட்டும் யாரும் இல்லை. யார் அவள், யார் அவள் என்று தேடித் தேடி, வரைந்தவருடைய தங்கைதான் என்று ஆய்வேடு முழுக்க எழுதி வைத்திருக்கிறாயே, அந்தப் பெண் இல்லை. வேறு படத்தின் முன்னால் நிற்கிறேனோ என்று அடுத்த அறைக்கும் போய்ப் பார்த்தேன். காவலுக்கு இருந்தவர் என் முகத்தைப் பார்த்துப் பயந்து, சுத்தம் செய்த பெண்ணையே கூட்டிவந்தார். அது பிற்பாடு வேறு யாரோ வரைந்து சேர்த்ததாம், அடியில் வெறும் ஜன்னல்தானாம், நன்றாகப் பரிசோதித்துவிட்டுத்தான் எடுத்தார்களாம். எடுக்கும் முன் போட்டோ பிடித்து வைத்திருக்கிறோம், உங்கள் பெண்ணை எழுதிக் கேட்கச் சொல்லுங்கள் என்றாள். தன்மையாகத்தான் பேசினாள், எனக்குத்தான் அவளை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது.

வந்து அப்பாவிடம் சொன்னேன். குட்டிம்மாவிடம் மூச்சு விடாதே, மாதக் கடைசியில் ஆய்வேட்டைக் கொடுத்து முடிக்கட்டும், அங்கே இருக்கிற வாத்தியார்களுக்கு இது எங்கே தெரியப்போகிறது, ஹானர்ஸ் பட்டம் கைக்கு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றார். உன் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார், அவரைக் கோபித்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அந்த ஜன்னல் பெண்ணைப் பற்றி, "அவ எப்படிம்மா இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தது, அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "நல்லா இருக்காடி" என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் எனக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. பெற்ற பெண்ணிடம் இப்படி வாய் கூசாமல் சொல்லிவிட்டேனே என்று என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

ஆய்வேட்டை அப்படியே கொடுத்துவிடாதே. கொடுத்துவிட்டாய் என்றால் இதைப் படித்த கையோடு போய் உன் டீச்சரிடம் நீயாகவே சொல்லிவிடு, வேறு வாய் வழியாக அவர் காதுக்குப் போக வேண்டாம். ஒரு வருஷம் கூட ஆனால் ஆகட்டும். அழுகை வந்தால் எனக்குப் போன் பண்ணு, சேர்ந்து அழலாம். அப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன். நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், மகராசியாக இரு. பட்டினியாக மட்டும் உட்கார்ந்து எழுதாதே.

இந்தத் தடவை அப்பாவின் கையெழுத்து இல்லாமல்,
உன் அம்மா