அடைமொழி இல்லாமல் உன் பெயர்

யோவ், இன்று காலை அந்துருண்டை வாசனையோடு ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை நம் அச்சகத்துக்கு வந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் கறை. நீ அச்சுக் கோர்த்தது. பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ரிஷிவந்தியத்துக்காரரை மறந்திருக்க மாட்டாய். கல்யாணமான வருஷமே புருஷனைப் பறிகொடுத்த மகளுக்கு மறுபடி மாப்பிள்ளை பார்த்துவிட்டு, கூசிக் கூசி நம் கடைவாசலில் நின்றார். அவர் நீட்டிய தாளில் 'என் மகளின் மறுமணம் எளிய முறையில் நடைபெறும்' என்று மட்டும் இருந்தது. எழுதிக் கொடுத்ததை அடித்துக் கொடுப்போம் என்றுதான் நான் இருந்தேன். நீ விடுவாயா?

"இன்னாங்க இது, எளிய முறையிலன்னு? ஒளிச்சி வச்சி பண்றாங்கன்னு நெனச்சிக்குவாங்க. மறுமணம்னு போட்டா, பொண்ணு மொகத்துக்கு முன்னாடி பழைய துக்கந்தான் தெரியும்."

"வேற இன்னா போடறதுங்க?"

"எல்லா கல்யாணத்துக்கும் போடறததான். 'திருமணம்'. 'சுற்றமும் நட்பும் சூழ வந்து வாழ்த்துங்கள்'."

"கூட்டம் வந்துட்டா?"

"வரட்டுமே! பொண்ணு தல நிமிந்து பாக்கும்ல?"

அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்.

வந்தார்களய்யா சனங்கள்! மாப்பிள்ளைக்குக் கல்வராயன் மலையடிவாரம். அங்கிருந்து லாரி நிறைய வந்து இறங்கினார்கள். முதல் பந்தியிலேயே சோறு தீர்ந்துபோய் மறுபடி உலை வைத்தார்கள். நீ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடம் குடமாகத் தண்ணீர் தூக்கினாய். "எல்லாம் நீ போட்ட வார்த்தையாலதான்யா" என்று நான் திட்ட, "அதுக்குத்தான போட்டேன்" என்று இளித்தாய். மணையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் தலை குனியவே இல்லை. கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அவள்தான் இன்று வந்தாள், தன் மகளின் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க. பழைய பத்திரிகையை மேசையில் வைத்து, "இதே வார்த்தைங்கதாண்ணா வேணும். வரவேற்கறவங்க பேர்ல அந்த அண்ணன் பேரும் வரணும்" என்றாள்.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண் உன் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று தட்டினாள். வழக்கம் அதுதான். ஆனால் உன் பெயரை அந்தச் சொல்லோடு பார்த்ததும் உன் குரல் கேட்டது: "கல்யாணத்துக்கு கூப்புடறப்ப எதுக்குய்யா எழவு வூட்டு வார்த்த?"

"அத எடுத்துடும்மா" என்றேன்.

"அவருதான் இல்லயே சார். படிக்கறவங்க கேப்பாங்களே?"

"கேக்கட்டும். பந்திக்கு தண்ணி தூக்கிக்கினு கீறாருன்னு சொல்லு."

ரிஷிவந்தியத்துக்காரர் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும்தான்.

எந்தப் பத்திரிகையானாலும் இப்போதும் உனக்கு ஒருமுறை வாய்விட்டு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் மெஷினில் ஏற்றுகிறேன். இதையும் வாசித்தேன். உன் பெயர் வெறும் பெயராகவே இருக்கிறது, ஊரை வரவேற்கிற ஆட்களோடு. கூட்டம் ஜாஸ்தியாக வரும். நேரத்துக்கு வந்து வாசலில் நில்.